எட்டால் வகுத்த பாயும் ஒரு மணி நேர டேப்பும்

உலகத்தில் எதையுமே முழுசாக நம்பாத ஒரே மனிதர் எங்கள் மாடியில் கடை வைத்திருந்த ‘எட்டால வகு’ பாய்தான். ஆண்டவனே நேரில் வந்து, “உனக்கு நூறு வயசு கொடுத்தேன்” என்று வரம் அருளியிருந்தாலும், “எட்டால வகுத்தா பன்னண்டரைதான் வருது. எனக்கு இப்பவே அறுவது தாண்டிருச்சே, மிச்சம் யாரோடது?” என்று கணக்குக் கேட்டுத் திணறடித்திருப்பார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெல்ல மண்டிக்கு மேலே எதிரெதிராக இரண்டு அறைகள். ஒன்றில் என்னுடைய டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் டைப் செய்து கொடுப்பேன். இன்னொன்றில் பாய். காலாவதியான கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க், கேமரா என்று எதைக் கொண்டுவந்தாலும், அதற்குள் சிக்கியிருப்பதை வெளியே எடுத்து இன்றைய கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது அவர் தொழில். கூரை முழுக்கக் கேபிள்கள், பந்தலில் புடலங்காய் தொங்குவதுபோலத் தொங்கும்.

மத்தியானம் ஆனால் கீழேயிருந்து வெல்ல வாசனை மெதுவாகப் படியேறி வரும். கூடவே நாலைந்து தேனீக்கள் வரும். அந்த வாசனைக்கு ஃபேன்கூடக் கொஞ்சம் சொக்கிப்போய்ச் சுற்றுவதுபோலத் தோன்றும். பாதிக் கனவில் நான் டைப் செய்த ஒரு பத்திரிகையில் மணமகன் பெயரும் சமையல்காரர் பெயரும் இடம் மாறிப்போயின. அதற்கு இன்றுவரை வெல்லம்தான் பொறுப்பு, நான் இல்லை.

எட்டால் வகுக்கிற கதை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. கம்பெனிக்காரன் வேகத்தைப் பிட் கணக்கில் சொல்வான். நம்முடைய ஃபைலின் அளவோ பைட் கணக்கில் இருக்கும். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே பெட்டிமேல் என்ன போட்டிருந்தாலும் எட்டால் வகுத்தால்தான் நமக்கு வந்து சேருவது தெரியும். இதோடு நிறுத்தியிருந்தால் அவர் சாதாரண மனிதர். பாய் நிறுத்தவில்லை.

ஒரு நாள் இன்டர்நெட் கனெக்‌ஷன் விற்க ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார்.

“சார், நூறு எம்பிபிஎஸ்!”

“எட்டால வகு.”

“பன்னண்டரை சார்...”

“அதுல சுவரு கொஞ்சம் தின்னும். பாஸ்வேர்டு தெரிஞ்ச மண்டிக்காரங்க கொஞ்சம் தின்னுவாங்க. மிச்சத்த சொல்லு, வாங்கிக்கிறேன்.”

வந்தவர் டையைத் தளர்த்திக்கொண்டு படியிறங்கிப் போனார். கீழே ஒரு அச்சு வெல்லம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டுதான் அவருக்கு மூச்சே வந்ததாகக் கேள்வி.

இன்னொரு நாள் என் நாத்தனாருக்கு வரன் சொல்ல ஒரு கல்யாணத் தரகர் என் கடைக்கு வந்தார். “மாப்பிள்ளை ஆறடிம்மா, ஆறடி!” என்று அவர் கையை உயர்த்திக் காட்டியதுதான் தாமதம், எதிர் அறையிலிருந்து குரல் வந்தது.

“எட்டால வகுத்தா ஒம்போது அங்குலம். பொண்ணு எங்க வச்சுக்குவா, பர்ஸ்லயா?”

தரகர் ருத்ரதாண்டவம் ஆடிவிட்டார். “யாருய்யா அந்த ஆளு?” என்று அவர் பாய யத்தனிக்க, நான் குறுக்கே நின்று மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன். அந்த மாப்பிள்ளையைப் பிறகு நேரில் பார்த்தோம். ஐந்தடி மூன்று அங்குலம். அன்றிலிருந்து என் மாமியார் பாயின் பரம பக்தை.

எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு எட்டால் வகுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடம் தராதரம் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு நாடா போலப் பட்டையாக ஒரு கேபிள் வருமே, அதில் நூற்று முப்பத்து மூன்று என்று போட்டிருந்தால் அது மெகாபைட்டேதான். வகுக்கவே வேண்டாம். அந்தக் கேபிளை மட்டும் எடுத்து வாஞ்சையாகத் தடவுவார். “இவன் பொய் சொல்லாதவன்மா. ஊட்டுலயே வகுத்துட்டுத்தான் வெளிய கெளம்பியிருக்கான்.” யுஎஸ்பி மேல் அவருக்கு நிரந்தரக் கோபம். “நானூத்தி எம்பதுன்னு மார் தட்டுவான். எட்டால வகுத்தா அறுவது. வேலைன்னு வந்தா முப்பதுல நொண்டுவான். கேமராவுக்குப் போடற ஃபயர்வயரு கேபிளு நானூறுதான், ஆனா சொன்ன சொல்லுக்குப் பக்கத்துலயாவது நிப்பான்.”

வீட்டிலிருந்து அவர் மனைவி போன் செய்வார். பாய், “பத்து நிமிசத்துல வந்துடறேன்” என்பார். அந்த அம்மாள் என்னிடம் சொன்னது இது: “இவரு சொல்ற நேரத்த மட்டும் எட்டால பெருக்கணும்மா.” சோறு வடித்து வைப்பதே அந்தக் கணக்கில்தானாம்.

எனக்கும் அவருக்கும் ஒரே ஒருமுறை சண்டை வந்தது. என் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போடப் போகிற நிலைமை. அதிலிருந்த பத்திரிகை டிசைன்கள் எல்லாம் சேர்த்து நாற்பது எம்பி. அதில் யுஎஸ்பி கிடையாது, ஃபிளாப்பி டிரைவ் செத்துவிட்டது. உயிரோடு இருந்தது பின்னாலிருந்த சீரியல் போர்ட் ஒன்றுதான். பாய் ஒரு கேபிளைச் செருகினார்.

“எவ்வளவு வேகம் பாய்?”

“ஒரு லட்சத்து பதினஞ்சாயிரத்து இருநூறு.”

“எட்டால வகுத்தா...” என்று நானே ஆரம்பித்தேன்.

“பத்தால வகு. சீரியலுக்குப் பத்து. முன்னாடி ஒரு பிட்டு ‘வர்றேன் வர்றேன்’னு கட்டியம் சொல்லும். பின்னாடி ஒரு பிட்டு ‘வந்தாச்சு’ன்னு கதவச் சாத்தும். நடுவுலதான் நம்ம எட்டு பேரு. பழைய ஆளுங்க அப்படித்தாம்மா, சொல்லிட்டு வந்து சொல்லிட்டுப் போவாங்க.”

“அதெல்லாம் இருக்கட்டும், எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நாற்பது எம்பிக்கு ஒரு மணி நேரமா! நான் பிறவியிலேயே அவசரக்காரி. இட்லி வெந்ததா என்று மூன்று முறை திறந்து பார்த்து, அதனாலேயே வேகவிடாமல் செய்பவள். கண்டபடி கத்தினேன். பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, “உக்காரும்மா. நீ கத்தினா பிட்டு பயந்துக்கும்” என்றார். உட்கார்ந்தேன். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. வெல்ல வாசனை ஏறியது. தேனீ ஒன்று கேபிள்களுக்கு நடுவே வழி தேடிக்கொண்டிருந்தது. நான் டைப் செய்த மணமக்கள் எல்லாரும் வரிசையாக அந்தக் கேபிள் வழியே மாலையோடு நடந்துபோவதாக ஒரு கனவு. கண் விழித்தபோது வேலை முடிந்திருந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து பகலில் ஒரு மணி நேரம் நான் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம்.

பரமத்தி வேலூர்ப் பக்கத்துக்காரர் சின்னுசாமி அண்ணன், லாரி டிரைவர். மகள் கௌசல்யாவுக்குக் கல்யாணம். பத்திரிகை புரூஃப் பார்க்க ஒரு மத்தியானம் வந்தார். இந்தூருக்குப் போகிற ஜவ்வரிசி லோடு, லாரியோடு எங்கள் கட்டடத்து வாசலில் நின்றது. அவர் நிறுத்தியிருந்த அழகில் மண்டிக்கு ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது.

“சுருக்காப் பாத்துப்போட்டு ஓடோணுமுங்க அம்மணி” என்றவர், புரூஃபைப் பார்க்காமல் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வீடியோ கேசட். “இதுல எம்புள்ளையோட காதுகுத்து இருக்குதுங்க. இதப் பாக்க வழி இருக்குதுங்ளா?”

எதிர் அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். பாய் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அப்பவே சிடி போட்டுக் குடுத்திருப்பாங்களே?”

சின்னுசாமி அண்ணன் தலையைச் சொறிந்தார். “குடுத்தாங்க பாய். காதுகுத்தன்னைக்கு நான் குவாஹாட்டில லோடோட மாட்டிக்கிட்டேன். வந்து பாத்துக்கலாம்னு இருந்தனுங்க. ஊட்டுக்கு வந்தா மறுநாளே அடுத்த லோடு. அப்புறம் ஒரு நா, பரண்ல பளபளன்னு ஒரு தட்டு கெடந்துச்சு. அழகா இருக்குதேன்னு லாரில கண்ணாடிக்கு முன்னால, எலுமிச்சங்காயோட சேத்துத் தொங்கவுட்டுட்டனுங்க.”

“அதுதான் அந்த சிடியா?” என்று நான் அலறினேன்.

“ஆமாங்க அம்மணி. பேரு எழுதுன பக்கம் ரோட்டப் பாத்து இருந்துருக்குது. எம்பக்கம் எம்மூஞ்சிதான் தெரிஞ்சுது. ‘கௌசல்யா காதணி விழா’ன்னு அஸ்ஸாம் வரைக்கும் எதுக்கால வந்தவனெல்லாம் படிச்சிருப்பான். நான் படிக்கல. என் சம்சாரம் ஒருக்கா வண்டில ஏறுனப்பத்தான் பாத்துச்சு. அதுக்குள்ள வெயில்ல வெந்து போச்சுங்க. ரொம்ப நாளு எங்கூடப் பேசவே இல்லீங்க.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாய்க்கோ கண்ணில் வேறு வெளிச்சம். விரல் மடக்க ஆரம்பித்துவிட்டார்.

“ஒரு சிடில எழுநூறு எம்பி. குவாஹாட்டிக்கு நாலு நாள்னு வச்சுக்குவோம். நொடிக்கு ரெண்டாயிரம் பைட்டு! தொள்ளாயிரத்து அறுவது பைட்டுல போற ஆதி காலத்து சீரியல் போர்ட்டவிட ரெண்டு மடங்கு வேகம். உங்க லாரி லேசுப்பட்டது இல்லீங்க!”

“போயி என்னத்தப் பாய்... வாங்கிக்கற ஆளு வண்டிக்குள்ளயே இருந்தும் தெரியாம போச்சுங்களே.”

பாய் மடக்கிய விரல்களைப் பிரித்துவிட்டார். அதற்குமேல் கணக்குப் போடவில்லை.

காதுகுத்தைப் படம் பிடித்த ஸ்டுடியோக்காரர் கடையைக் காலி செய்தபோது பழைய டேப்புகளை அந்தந்த வீட்டுக்காரர்களிடமே கொடுத்துவிட்டாராம். அப்படிக் கிடைத்தது இது. பாய் தன்னிடமிருந்த பழைய கேமராவைத் துடைத்து எடுத்தார். ஃபயர்வயர் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகினார்.

“எவ்வளவு நேரமுங்க ஆவும்?”

“ஒரு மணி நேரம்.”

“அய்யய்யோ, எட்டால வகுங்க பாய்!”

பாயின் ஆயுதத்தைப் பாய் மேலேயே வீசிய முதல் மனிதர் அவர்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாய் சிரிக்கவில்லை.

“இத வகுக்க முடியாதுங்க. கேபிளு நானூறு, அம்பது மெகாபைட்டு தாங்கும். ஆனா டேப்பு நொடிக்கு மூணரைதான் குடுக்கும். ரோடு ஆறு வழி, வண்டி ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு அங்க ஒரு மணி நேரம் நடந்துச்சுன்னா, இன்னிக்கும் ஒரு மணி நேரம்தான் நடக்கும். முந்த முடியாது.”

“அப்ப நீங்க ஏத்தி வச்சிருங்க. நான் இந்தூர் போயிட்டு வந்து வாங்கிக்கறனுங்க.”

பாய் கேசட்டின் ஓரத்தைக் காட்டினார். வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. “டேப்பு மக்கிப் போயிருக்கு. ஒரு தடவ ஓடும்னு நெனக்கிறேன். ஓடறப்ப கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டர்ல ஏறுமா, நடுவுல அறுந்துக்குமா, அது இறைவன் விட்ட வழி. ஏறிட்டா எப்ப வேணும்னாலும் பாக்கலாம். ஏறலேன்னா இன்னிக்கு மட்டும்தான்.”

சின்னுசாமி அண்ணன் வாசலைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் ஸ்டூல் நுனியில் தொற்றிக்கொண்டார். பாய் பட்டனை அழுத்தினார்.

முதலில் கோடு கோடாக வந்தது. பிறகு ஒரு கோயில், வேப்பமரம், கிடாய் ஒன்று, பந்தி வேலை பார்க்கும் ஆட்கள். எல்லாம் கொஞ்சம் நீலம் பூத்து, தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது. போன் அடித்தது. லாரி ஓனர்.

“எங்கய்யா இருக்கே?”

“தொப்பூர் தாண்டிட்டனுங்க! வந்துட்டே இருக்கறனுங்க!” என்றார் சின்னுசாமி அண்ணன், செவ்வாய்ப்பேட்டை ஸ்டூலில் உட்கார்ந்தபடி.

“எட்டால வகு” என்று பாய் வாய்க்குள் முனகியது எனக்குக் கேட்டது.

அப்போதுதான் திரையில் அந்தக் குழந்தை வந்தது. மொட்டைத் தலை, சந்தனம், பட்டுப்பாவாடை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் சுற்றியிருந்த ஒவ்வொரு முகமாகத் தேடிவிட்டு, கேமராவைப் பார்த்து நேராகக் கேட்டது.

“அப்பா எங்க?”

யாரோ ஒரு பெண்மணி பதில் சொன்னார். “வந்துட்டே இருக்கறாரு சாமி. தொப்பூர் தாண்டிட்டாரு.”

தேனீகூட எங்கோ உட்கார்ந்துவிட்டது. சின்னுசாமி அண்ணன் போனைப் பார்த்தார். பிறகு அவரே ஓனரைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க, நான் தொப்பூர் தாண்டலீங்க. வண்டி நகரவே இல்லீங்க. ஒரு மணி நேரம் ஆவுமுங்க. நான் எம்புள்ள காதுகுத்துல இருக்கறனுங்க.”

“யோவ், உம்புள்ளைக்குக் கல்யாணம்னுதானே சொன்னே?” என்று ஓனர் கத்தியது எங்களுக்கே கேட்டது.

“அது அடுத்த மாசமுங்க. இது காதுகுத்து” என்று சொல்லிப் போனை அணைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டது. சின்னுசாமி அண்ணன் எழுந்தே விட்டார். இரண்டு கையையும் திரைக்கு நேராக நீட்டி, “அழுவாத சாமி, முடிஞ்சுதுடா, முடிஞ்சுதுடா கண்ணு, அப்பன் வந்துட்டேன்” என்றார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும், விசும்பி விசும்பித்தான் அழுதேன்.

லாரியை எடுக்கச் சொல்லிச் சண்டை போட மண்டி ஆட்கள் நாலு பேர் தடதடவென்று மேலே ஏறி வந்தார்கள். “எவன்டா அவன்?” என்று உள்ளே நுழைந்த முதல் ஆள், திரையைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் நின்றார்கள். தாய்மாமன் சீர்த்தட்டு வந்தபோது, “பரவால்ல, சீரு நல்லாத்தான் செஞ்சிருக்காங்க” என்று ஒருவர் அபிப்பிராயம்கூடச் சொன்னார். இன்னொருவர் கீழே போய் எல்லாருக்கும் வெல்லம் எடுத்துவந்தார். காதுகுத்து வீட்டில் வாய் இனிக்காமல் எப்படி?

அதற்குப் பிறகு டேப் முடியும்வரை பாய் ஒரு எண்கூடச் சொல்லவில்லை. கேமராமேல் ஒரு கையை வைத்தபடியே நின்றார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் கை வைத்திருப்பதுபோல இருந்தது. கடைசியில் பந்தி முடிந்து, ஜமக்காளம் சுருட்டி, வேப்பமரம் மட்டும் தெரிந்து, திரை நீலமானது. கேமராவுக்குள் டக்கென்று ஒரு சத்தம். டேப் அறுந்துவிட்டது.

எல்லோரும் பாய் முகத்தைப் பார்த்தோம். பாய் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அல்ஹம்துலில்லாஹ். முழுசா ஏறியிருக்கு” என்றார். “பென் டிரைவ்ல போட இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். அவசரமா?”

“ஆவட்டுங்க பாய்” என்றார் சின்னுசாமி அண்ணன். “எனக்கென்னங்க அவசரம்?”

அடுத்த மாதம் கல்யாணத்துக்குப் பாயும் அவர் மனைவியும் நானும் பரமத்தி வேலூருக்குப் பஸ்ஸில் போனோம். மண்டப வாசலில் சின்னுசாமி அண்ணன் எங்களைச் சம்பந்தி வீட்டாருக்கு அறிமுகப்படுத்தினார். “இவங்கெல்லாம் எம்புள்ள காதுகுத்துக்கு வந்தவங்க” என்றார். சம்பந்தி, பாயின் தாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் கும்பிட்டார். மணமேடையில் கௌசல்யா எழுந்து நின்று பாயைப் பார்த்துக் கை கூப்பினாள். பாய் அவசர அவசரமாக ஃபேனைப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்காரருக்கு மாற்றலாகி நான் நாமக்கல் வந்துவிட்டேன். பாய் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறார். இங்கே என் வீட்டில் இன்டர்நெட் பறக்கிறது. ஒரு முழு சினிமா கண் இமைப்பதற்குள் இறங்கிவிடுகிறது. ஆனால் மத்தியானத்தில் எங்கிருந்தாவது வெல்ல வாசனை வந்தால் என் கை தானாக ஒரு ஸ்டூலைத் தேடுகிறது.

இதை எழுதுவதற்குமுன் அவருக்குப் போன் செய்தேன்.

“பாய், உங்களப் பத்திப் பத்திரிகைல எழுதப் போறேன்.”

“எவ்வளவு பெருசா?”

“ரெண்டு பக்கம்.”

“எட்டால வகுத்தா கால் பக்கம். அதான் உண்மை, மிச்சமெல்லாம் உன் கைச்சரக்கு.”

“சரிதான் பாய். ஆனா கடைசில, உங்கள என் கண்ணு ரொம்பத் தேடுதுன்னு எழுதலாம்னு இருக்கேன். அதையும் வகுத்துடவா?”

மறுமுனையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

“அது வேணாம்மா” என்றார். “அத மட்டும் வகுக்காம போடு.”